பொறு என்று சொல்லும் தொழில்

கனடாவில் வாழும் என் தமக்கையின் மகன் அண்மையில் தொலைபேசியில் அழைத்தான். குளிர்காலத்தில் தெருவில் கொட்டும் பனியை அகற்றும் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறானாம். நவம்பர் தொடக்கம் மார்ச் வரையான வேலை. நள்ளிரவிலும் அழைப்பு வரும். சாரதி அனுமதிப்பத்திரம் முதலான தகுதிகளின் கீழே, நெருக்கடியான வேளையில் நிதானம் இழக்காதவராக இருத்தல் வேண்டும் என்றும் ஒரு வரி இருந்ததாம். “மாமா, இதெல்லாம் ஒரு தகுதியா? இதுக்குச் சான்றிதழ் எங்க எடுக்கிற?” என்று கேட்டுச் சிரித்தான்.

நானும் சிரித்தேன். ஆனால் தொலைபேசியை வைத்த பின்னர் அந்த வரி என்னை விடவில்லை. அவனுடைய பூட்டனார், அதாவது என் அப்பப்பா, களுவாஞ்சிக்குடியில் வட்டை விதானையாக இருந்தவர். எழுதப் படிக்க ஓரளவே தெரிந்த அவரிடம் ஊரார் கண்ட முதற்தகுதி அந்த நிதானந்தான். மாரி தொடங்கி அறுவடை முடியும் வரை எங்கள் வாவிக்கரையில் மனிதர்கள் செய்துவந்த பருவகாலத் தொழில்கள் பலவற்றுக்கும் அதுவே அடிப்படையாக இருந்தது. அவற்றின் வரலாறு கச்சேரிக் கோப்புகளிலும் கல்வெட்டுகளிலும் அதிகம் இல்லை. எனவே அறிந்தவரை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

வாவியும் இரு கரைகளும்

ஊரை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே கல்முனை வீதியில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் சென்றால் களுவாஞ்சிக்குடி. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே ஒடுங்கிய மணல் நிலம். இந்தப் பக்கத்துக்கு எழுவான்கரை என்று பெயர். சூரியன் எழும் கரை. வாவிக்கு அப்பால் சூரியன் படும் கரை படுவான்கரை. எழுவான்கரையில் வீடும் தென்னையும் கோயிலும் பள்ளிக்கூடமும். படுவான்கரையில் வயலும் குளமும் காடும். வீடு ஒரு கரையிலும் சோறு மறு கரையிலுமாக வாழ்ந்த சமூகம் எங்களுடையது.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. கடலோடு அது கலக்கும் வாய்கள் இரண்டே. வடக்கே நகருக்கு அருகில் பாலமீன்மடுவில் ஒன்று. தெற்கே எங்கள் பகுதியில் கல்லாற்றில் மற்றொன்று. கோடையில் இவ்விரண்டு வாய்களையும் கடல் மணல் அடைத்துவிடும். ஆண்டு மழையில் அரைப்பங்குக்கு மேல் கார்த்திகை, மார்கழி, தை ஆகிய மாதங்களிலேயே கொட்டித் தீர்க்கும். மேற்கே உள்ள குளங்கள் நிரம்பி வான் பாயும் நீரும், வயல்களிலிருந்து வடியும் நீரும் வாவிக்கே வந்து சேரும். 1949இல் கட்டத் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பின்னர், தமிழர் பட்டிப்பளை ஆறு என்று அழைத்த அந்த ஆற்றின் இடதுகரை வாய்க்கால் வயல்களின் வடிகாலும் வாவியின் தென்பகுதியை நோக்கியே வரலாயிற்று. ஆக, ஆண்டில் மூன்று மாதம் எல்லாம் நீரின் கையில். அந்த மூன்று மாதத்துக்குத்தான் நிதானமான மனிதர்கள் தேவைப்பட்டார்கள்.

வட்டை விதானை

வட்டை என்பது வயல்நிலத் தொகுதி. அதற்குள் பல போடிமாரின் காணிகள் இருக்கும். ஒரே குளத்து நீர், ஒரே வாய்க்கால். யாருடைய வயலுக்கு நீர் முதலில், எந்த வக்கடையை எப்போது அடைப்பது, வேலி எப்போது அடைத்து முடிய வேண்டும், மாடுகளை எந்த நாளுக்குள் வட்டைக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்பனவற்றைத் தீர்மானித்தவர் வட்டை விதானை. இது ஆண்டு முழுவதும் செய்யும் உத்தியோகம் அன்று. விதைப்போடு தொடங்கி அறுவடையோடு முடியும். கூலியும் காணியின் அளவுக்கேற்ப நெல்லாகவே கிடைக்கும்.

இந்த வழக்கத்துக்குச் சட்ட வடிவம் கிடைத்தது ஆங்கிலேயர் காலத்தில். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் கொண்டுவந்த 9ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், நெற்காணி தொடர்பான பழைய ஊர் வழக்கங்களை மீட்டு நடைமுறைப்படுத்த வழி செய்தது. சிங்களப் பகுதிகளில் வெல் விதானை என்று வழங்கப்பட்ட பதவியே எங்கள் பக்கத்தில் வட்டை விதானை. நீதிமன்றத்துக்குப் போனால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் நீர் வழக்கை வரம்பிலேயே நின்று தீர்க்க வேண்டும் என்பதே அந்தச் சட்டத்தின் நோக்கம். பயிருக்குத் தவணை கொடுக்க முடியாதல்லவா?

அப்பப்பாவைப் பற்றி வீட்டில் சொல்லப்படும் கதைகளில் அவர் யாரையும் அடித்ததோ அதட்டியதோ இல்லை. இரவில் மழைக்குள் மண்வெட்டியோடு இருவர் வக்கடையில் எதிரெதிரே நின்றால், அவர் நடுவே போய் வரம்பில் குந்தியிருந்து வெற்றிலை போடத் தொடங்குவாராம். மடித்துப் போட்டு முடிக்கும் வரை பேச மாட்டாராம். அதற்குள் இருவரில் ஒருவருக்குக் கோபம் ஆறிவிடும். ஆறியவரிடமே முதலில் பேசுவாராம். சிறுவயதில் இதைக் கேட்டபோது சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். பின்னர்தான் விளங்கியது, அந்தப் பொறுமைக்குத்தான் ஊர் நெல்லளந்தது என்று.

1958இல் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் இந்தப் பதவியை ஒழித்து, பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்புத் தருவதே அதன் பெரிய இலக்கு. அதில் நியாயம் இருந்தது. விதானைமாரில் பலர் போடிமாரின் பக்கமே சாய்ந்தவர்கள் என்ற குற்றச்சாட்டும் பொய்யன்று. பின்னர் 1972, 1979, 2000 ஆகிய ஆண்டுகளில் வந்த சட்டங்களோடு குழுக்களின் பெயரும் அதிகாரமும் மாறிக்கொண்டே இருந்தன. ஆனால் வட்டை விதானை என்ற பெயர் மட்டக்களப்பாரின் வாயிலிருந்து போகவில்லை. விவசாயிகள் தம்முள் தெரிவுசெய்த பிரதிநிதியையும் அந்தப் பெயராலேயே அழைத்தார்கள். சட்டம் ஆளை நீக்கியது. தேவை நீங்கவில்லை.

பரணில் இருந்தவர்கள்

பயிர் குடலைப் பருவத்துக்கு வந்தால் அடுத்த தொழில் தொடங்கும். காவல். படுவான்கரையின் மேற்கெல்லையில், காட்டை அண்டிய வட்டைகளில், பரண் கட்டி இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டும். பன்றி வரும். யானை வரும். போடியாருக்காக வயலில் தங்கி முழுப் பருவத்தையும் நடத்திய முல்லைக்காரனும் அவனுடன் நின்ற வயற்காரர்களும் முறைவைத்துக் காவல் இருந்தார்கள்.

யானைக் காவலுக்கு வீரன் உதவமாட்டான் என்பது அந்தக் கரையின் அனுபவ பாடம். பந்தமும் தகரமும் வெடியும் எல்லாரிடமும் இருக்கும். அவற்றை எப்போது பயன்படுத்தாமல் இருப்பது என்பதே அறிய வேண்டிய வித்தை. நாலு பக்கமும் சத்தம் எழுப்பினால் யானைக்குப் போக வழியில்லாது போகும். மிரண்ட யானை வாடியை நோக்கியே வரும். காடு இருக்கும் பக்கத்தை இருளாகவும் அமைதியாகவும் விட்டுவிட்டு, மறுபக்கத்திலிருந்து மெல்ல மெல்லச் சத்தத்தைக் கூட்ட வேண்டும். காற்றுத் திசையைப் பார்க்க வேண்டும். தனியன் யானையா, கன்றோடு வந்த கூட்டமா என்பதை இருளில் ஓசையைக் கொண்டே அறிய வேண்டும். இத்தனையையும் நெஞ்சு படபடக்கும் வேளையில் செய்ய வேண்டும்.

மின்வேலியும், அரசு வழங்கும் யானை வெடியும், இரண்டு மூன்று நாளில் வட்டையையே அறுத்து முடிக்கும் இயந்திரமும் வந்த பின்னர் காவல் இரவுகள் குறைந்தன. காட்டின் பரப்பும் குறைந்தது. இலங்கையில் 2019 முதல் ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்களும் முந்நூற்றுக்கு மேற்பட்ட யானைகளும் இந்த மோதலில் இறந்திருக்கிறார்கள். காரணங்கள் பல. நிதானத்தால் மட்டும் தீரும் சிக்கல் இது அன்று. ஆயினும், யானைக்கு ஒரு பக்கத்தைத் திறந்து விட வேண்டும் என்ற பரண்காரனின் அறிவைக் காடு வெட்டியவர்கள் கேட்டிருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு.

பாதைக்காரர்

எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்றால் தெரு மட்டுமன்று. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவைக்கும் அதுவே பெயர். நகரத்துக் கல்லடியில் 1924இல் லேடி மனிங் பாலம் வந்தது. மண்முனையில் பாலம் திறக்கப்பட்டது 2014 ஏப்ரலில். அதுவரை அங்கு பாதையே பாதை. களுவாஞ்சிக்குடியிலிருந்து படுவான்கரைக்குப் பட்டிருப்புப் பாலம் உண்டு. ஆனால் சற்றுத் தெற்கே குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்கு நீர்வழியே குறுக்குவழி. ஆவணியில் மண்டூர் முருகன் கோயில் திருவிழா வந்தால் அந்தத் துறையில் நிற்க இடம் இருக்காது.

திருவிழாக் காலப் பாதைக்காரரை எண்ணிப் பாருங்கள். பக்தி ஒருபுறம், அவசரம் ஒருபுறம், குழந்தையின் அழுகை ஒருபுறம். எல்லாரும் அடுத்த தடவையில் ஏறிவிடவே துடிப்பார்கள். “போதும், இனி ஏற வேண்டாம்” என்று அவர் சொல்ல வேண்டும். ஏசுவார்கள். சாமி பார்க்கப் போகிறவனைத் தடுக்கிறாயா என்பார்கள். அந்த ஏச்சை வாங்கிக்கொண்டு கயிற்றை அவிழ்ப்பதே தொழில். நீரை வலிப்பது அதன் எளிய பகுதி. மாரியில் வாவி பெருகிக் காற்றும் எழுந்தால் பாதையையே நிறுத்திவிட வேண்டும். அப்போது மறு கரையில் நிற்பவர் நோயாளியாகவும் இருக்கலாம்.

போர்க்காலத்தில், 2007 வரை, இந்தத் துறைகள் இரு ஆட்சிகளின் எல்லை வாசல்களாகவும் இருந்தன. அக்காலத்தில் பாதைக்காரரின் முகத்தில் எந்த உணர்ச்சியும் தெரியாது. அது அவரைக் காத்தது. ஏறியவர்களையும் காத்தது.

2021 நவம்பர் 23. திருகோணமலை மாவட்டம் கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணிப் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், அதற்குப் பதிலாக ஓடிய பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மற்றையோரும் மாண்டார்கள். அச்செய்தியைக் கேட்ட அன்று நான் குருமண்வெளித் துறையையே நினைத்தேன். மிதவை எப்படிக் கட்டப்பட்டது, அனுமதி யார் தந்தது என்றெல்லாம் கேட்டோம். கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் துறையில் நின்று “இன்று வேண்டாம்” என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்ற கேள்வியும் உண்டு.

ஆற்றுவாய்

எல்லாவற்றிலும் பெரிய பொறுமை வேண்டும் தொழில் ஆற்றுவாய் வெட்டுதல். ஓந்தாச்சிமடம், கோட்டைக்கல்லாறு, பெரியகல்லாறு ஆகிய ஊர்களை அண்டிய தெற்கு முகத்துவாரத்தில் மாரிதோறும் எழும் வழக்கு இது.

வாவி நிரம்பிப் படுவான்கரை வயல்கள் மூழ்கத் தொடங்கும். “வாயை வெட்டு” என்பார் விவசாயி. வாவி மீனவருக்கோ வேறு கவலை. நீர் ஒரேயடியாக வடிந்தால் இறாலும் மீனும் நீரோடு கடலுக்குப் போய்விடும். முந்தி வெட்டினால் வேறொரு வில்லங்கமும் உண்டு. வாவியின் மட்டம் போதிய அளவு உயராத வேளையில் திறந்தால் நீரின் விசை மணலைத் தள்ளப் போதாது. கடலலை இரண்டொரு நாளில் மீண்டும் அடைத்துவிடும். உவர்நீரும் உள்ளே ஏறும். பிந்தினாலோ வேளாண்மை அழுகும், வீடுகளுக்குள் வெள்ளம் வரும். ஆகவே வாவி உயர்ந்திருக்க வேண்டும், கடல் வற்றியிருக்க வேண்டும். கீழைக்கரையில் கடலின் ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அந்தச் சிறு வித்தியாசத்துக்காகவே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கேரளத்தில் ‘பொழி முறித்தல்’ என்று சொல்லும் வேலையும் இதுவே. அங்கும் இதே கணக்கு, இதே சண்டை.

பெக்கோ இயந்திரம் வருமுன்னர் மண்வெட்டிகளே வாய் திறந்தன. முதலில் ஒடுங்கிய ஒரு வாய்க்காலை வெட்டுவார்கள். கடல் பக்கம் முழுவதும் வெட்டி, வாவிப் பக்கத்தில் ஒரு மண் தடுப்பை மட்டும் விட்டு வைப்பார்கள். கடைசி மண்ணை எடுத்ததும் நீர் கயிறுபோல் ஓடத் தொடங்கும். பின்னர் அதுவே இரு கரைகளையும் அரித்துத் தன்னை அகட்டிக்கொள்ளும். சில மணி நேரத்தில் ஆள் கடக்க முடியாத ஆறு. கால் நிற்கும் மணல் சரிவதற்கு முன்னர் மண்வெட்டிக்காரர் விலக வேண்டும். எப்போது விலகுவது என்று குரல் கொடுக்க ஒரு முதியவர் நிற்பார். அவர் வெட்ட மாட்டார். பார்த்துக்கொண்டு மட்டும் நிற்பார்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். செய்தியாளனாகச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், ஒரு மாரியில், இந்த முகத்துவாரத்துக்குச் செய்தி சேகரிக்கச் சென்றேன். பின்னேரம். வயல்கள் மூழ்கிய விவசாயிகள் கொதித்துப்போய் நின்றார்கள். வெட்ட வந்தவர்களோ கவிழ்த்து வைத்த தோணியில் சாய்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதியவர் ஒருவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது வெட்டுவீர்கள் என்று கேட்டேன். “பொறுங்க தம்பி” என்றார். இருட்டுவதற்குள் செய்தி போய்ச் சேர வேண்டும். பொறுக்க எனக்கு நேரம் இல்லை. மெத்தனம், அலட்சியம் என்ற சொற்களோடு செய்தி அனுப்பினேன். மறுநாள் அது தலைப்போடு வந்தது.

அதே நாள் விடியப்புறம், கடல் வற்றியதும், அவர்கள் வாய் வெட்டிவிட்டார்கள். மத்தியானத்துக்குள் வாவி இறங்கத் தொடங்கிவிட்டது. நான் பார்த்த மாலையில் வெட்டியிருந்தால் பெருகி நின்ற கடல் மணலைத் திருப்பித் தள்ளியிருக்கும் என்பதைப் பல நாள் கழித்தே இன்னொரு மீனவர் எனக்கு விளக்கினார். திருத்தம் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அடுத்த நாள் அடுத்த செய்தி. அந்த முதியவர் என் செய்தியை வாசித்தாரா என்பதும் தெரியாது. இத்தனை ஆண்டுகளின் பின் இந்தக் கட்டுரையே அந்தத் திருத்தம்.

எஞ்சியது

1957 டிசம்பர் வெள்ளம், 1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 ஆழிப்பேரலை, 2011 ஜனவரி வெள்ளம் என்று எங்கள் கரை ஆண்டுகளை அனர்த்தங்களால் எண்ணுகிறது. ஒவ்வொன்றின் பின்னரும் நிவாரணம், புனரமைப்பு, புதிய திட்டம் என்பன வந்தன. இன்று ஆற்றுவாய் வெட்டும் முடிவை மாவட்ட மட்டத்தில், விவசாயிகள், மீனவர்கள், திணைக்கள அதிகாரிகள் கூடி எடுக்கிறார்கள். வெட்டுவது இயந்திரம். ஒரு வகையில் இது முன்னேற்றமே. போடியார் ஒருவரின் விருப்பத்துக்காக முடிவெடுத்த காலம் போயிற்று.

ஆனால் இயந்திரம் வெட்டும் வேலையையே எடுத்துக்கொண்டது. காத்திருக்கும் வேலையை எடுத்துக்கொள்ளவில்லை. பழைய பருவகாலத் தொழில்களைத் திரும்பிப் பார்க்கும்போது எனக்குத் தெரியும் பொதுப்பண்பு இதுவே. விதானையும் பரண்காரனும் பாதைக்காரரும் கடலைப் பார்த்து நின்ற முதியவரும் பிறரிடம் “பொறு” என்று சொல்லும் உரிமை பெற்றவர்கள். அந்த உரிமையை ஊர் அவர்களுக்குக் கொடுத்திருந்தது. ஏசினாலும் கேட்டது. நிதானம் தனியாளின் சுபாவம் என்று நினைக்கிறோம். கேட்பதற்கு ஓர் ஊர் இல்லாவிட்டால் நிதானக்காரன் வெறும் மெத்தனக்காரன்தான். என்னைப் போன்ற ஒரு செய்தியாளனே அதற்குப் போதும்.

2024 நவம்பர் 26 அன்று, எங்களுக்குத் தெற்கே காரைதீவு மாவடிப்பள்ளியில், வெள்ளம் மேவிய வீதியைக் கடந்த உழவு இயந்திரம் கவிழ்ந்து, மதரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்கள் உயிரிழந்தார்கள். வீடு போக அவசரப்பட்ட பிள்ளைகளையும், உதவ முன்வந்தவர்களையும் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது. மாரி வந்தால் நீர் மேவும் தாம்போதிகள் எங்கள் பகுதியில் எத்தனையோ உள்ளன. அவை ஒவ்வொன்றிலும் மூன்று மாதத்துக்கு ஒருவரை நிறுத்தி, அந்த இடத்து நீரை அறிந்த ஒருவரை நிறுத்தி, வீதியை மறிக்கும் அதிகாரத்தையும் ஒரு சம்பளத்தையும் கொடுத்தால் என்ன? இது புதிய யோசனையன்று. எங்கள் பூட்டன்மார் நெல்லளந்து செய்த காரியந்தான்.

தமக்கையின் மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது. நேற்று மீண்டும் அழைத்தான். முதல் வாரத்தில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம், பனி விழத் தொடங்கியவுடன் வண்டியை எடுக்காதே என்பதாம். எவ்வளவு விழுகிறது, எங்கே உறைகிறது என்று மேற்பார்வையாளர் சொல்லும் வரை காத்திருக்க வேண்டுமாம். “சும்மா இருக்கிறதுக்கும் சம்பளம் தாறாங்க மாமா” என்றான்.

சும்மா இருப்பதற்கு இல்லை மகன் என்றேன். பொறுத்திருப்பதற்கு.